வண்டி வந்த பின்னும் நடந்தவர்கள்: வந்தாறுமூலை நெடுவழியில் யாத்திரையும் மரதனும்

தொலைவிலுள்ள ஒரு நகருக்குப் பயணம் செய்து, அதன் தெருக்களில் 42.195 கிலோமீற்றர் தூரத்தை ஓடி முடித்துத் திரும்புவதைத் தம் ஓய்வுக்கால விருப்பமாகக் கொண்டவர்கள் இன்று உலகெங்கும் பெருந்தொகையினராக உள்ளனர். பரிசுக்காக அன்றி முடித்தோம் என்ற நிறைவுக்காக ஓடும் இவர்களின் வழக்கத்துக்கு வரலாறு எழுத முற்படுவோர் பெரும்பாலும் 1896ஆம் ஆண்டின் ஏதென்ஸ் நகரிலிருந்து தொடங்குவார்கள். மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தைப் பொறுத்தவரை அந்தத் தொடக்கம் பொருத்தமானதன்று. இங்கு விளையாட்டு வீரரோ வேலையாளோ அல்லாத சாதாரண மக்கள் ஆண்டுதோறும் ஒரு குறித்த பருவத்தில், ஒரு குறித்த வழியில், தம் காலை மட்டும் நம்பி நெடுந்தூரம் சென்ற வழக்கம் கதிர்காமப் பாதயாத்திரையாக ஏற்கெனவே நிலைபெற்றிருந்தது. மரதன் ஓட்டம் அதன் பின்னரே, பாடசாலையின் வழியாக, அதே வீதிக்கு வந்து சேர்ந்தது. இரண்டும் ஒன்றையொன்று பின்பற்றி எழுந்தவை அல்ல. ஆயினும் இரண்டின் வரலாற்றையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, யாத்திரை பற்றிப் பொதுவாகச் சொல்லப்படும் ஒரு கருத்தைத் திருத்திக்கொள்ள வேண்டியுள்ளது.

வந்தாறுமூலை மட்டக்களப்பு நகருக்கு வடக்கே ஏறத்தாழ 16 கிலோமீற்றர் தொலைவில், சித்தாண்டிக்கும் செங்கலடிக்கும் இடையில், மட்டக்களப்பையும் திருகோணமலையையும் இணைக்கும் ஏ15 வீதியில் அமைந்துள்ள ஊராகும். வெளியூரவர்களுக்கு இவ்வூர் கிழக்குப் பல்கலைக்கழகத்தால் அறிமுகமானது. 1981 ஆகஸ்ட் 1ஆம் திகதி மத்திய மகா வித்தியாலய வளாகத்தில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிய அந்நிறுவனம், 1986 ஒக்டோபர் 1ஆம் திகதி முழுப் பல்கலைக்கழகமாயிற்று. வாவியின் கிழக்கேயுள்ள நிலத்தை எழுவான்கரை என்றும் மேற்கேயுள்ள வயல் நிலத்தைப் படுவான்கரை என்றும் பிரித்து வழங்கும் இப்பிரதேசத்தில், வடக்கிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் எவரும் வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தையே நாட வேண்டியிருப்பதால், பழைய நடைவழியும் இன்றைய நெடுஞ்சாலையும் பல இடங்களில் ஒன்றாகவே கிடக்கின்றன. செங்கலடியில் பதுளையிலிருந்து இறங்கிவரும் ஏ5 வீதி வந்து சேர்கிறது. மலைநாட்டுச் சரக்கும் கரையோரச் சரக்கும் கைமாறிய சந்தி அது. வடக்கே சித்தாண்டி முருகன் கோயில் யாத்திரிகர் தங்கிச் செல்லும் இடம். ஆகவே வழிச்செல்வோரைக் காண்பது வந்தாறுமூலைக்குப் புதிதான காட்சியாக ஒருபோதும் இருந்ததில்லை.

பாதயாத்திரை என்பது கோயிலொன்றுக்கு வாகனமின்றி நடந்தே செல்வது. கதிர்காமத்துக்கான மிக நீண்ட வழி யாழ்ப்பாணக் குடாநாட்டின் தொண்டைமானாற்றில் செல்வச்சந்நிதி கோயிலில் தொடங்கி, வற்றாப்பளை, திருகோணமலை, வெருகல், வாகரை, சித்தாண்டி, அமிர்தகழி மாமாங்கம், திருக்கோவில், பொத்துவில் எனக் கிழக்குக் கரையோரமாக இறங்கி, உகந்தை முருகன் கோயிலில் மக்கள் குடியிருப்பின் எல்லையைத் தொடுகிறது. அதன் பின் குமண, யால காடுகளின் ஊடாக ஐந்தாறு நாள் நடந்து, கதிர்காமம் அமைந்துள்ள மாணிக்க கங்கைக் கரையை அடைய வேண்டும். ஏழு மாவட்டங்களைத் தொட்டுச் செல்லும் இவ்வழியை முழுவதும் நடப்போருக்கு ஏறத்தாழ 50 நாள் ஆகும். அவ்வாறு முழுவழியும் நடப்போர் எக்காலத்திலும் சிறுதொகையினரே. கூட்டம் ஒவ்வோர் ஊரிலும் ஆறுபோலக் கிளை சேர்த்துப் பெருகுகிறது. வாவிப் பிரதேசத்து மக்கள் தத்தம் ஊரைக் கடக்கும் குழுவோடு சேர்ந்துகொள்வதே வழக்கமாதலால், இவர்களுக்கு யாத்திரை ஏறத்தாழ இரண்டு வாரப் பயணமாக அமைந்தது.

கதிர்காமத்தின் புகழ் இத்தீவுக்கு வெளியிலும் பழமையானது. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அருணகிரிநாதர் அதைப் பாடியுள்ளார். கண்டி அரசில் கைதியாக வாழ்ந்து தப்பிய ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலிலும் கதிர்காமத் தெய்வம் குறிக்கப்படுகிறது. மட்டக்களப்பில் அக்கோயிலின் செல்வாக்கு எவ்வளவு ஆழமானது என்பதற்கு, வாய்கட்டிப் பூசை செய்யும் கதிர்காம முறையை இன்றும் கைக்கொள்ளும் மண்டூர் முருகன் கோயில் சின்னக்கதிர்காமம் என்று அழைக்கப்படுவதே போதிய சான்றாகும்.

யாத்திரைக்குரிய காலத்தைத் தீர்மானித்தது பஞ்சாங்கம் மட்டுமன்று. கதிர்காமத் திருவிழா ஆடி அமாவாசையை ஒட்டித் தொடங்கிப் பௌர்ணமித் தீர்த்தத்தோடு முடிவடைகிறது. அக்காலத்துக்குள் மட்டக்களப்பின் மாரிப்போக வேளாண்மை, அதாவது வடகீழ்ப் பருவமழையை நம்பி ஐப்பசியை ஒட்டி விதைத்து மாசி பங்குனியில் அறுவடை செய்யும் நெற்செய்கை, முடிந்து நெல் வீடு சேர்ந்திருக்கும். குளத்துநீர் எட்டாத மானாவாரிக் கண்டங்களில் அடுத்த விதைப்புவரை பெரிய வேலை எதுவும் இராது. கண்டம் என்பது இங்கு வயற்பரப்பின் ஒரு பிரிவு. வயலுக்கு உடையவரான போடியாரும் அவர் வயலில் உழைத்தவரும் ஒருங்கே ஓய்ந்திருக்கும் மாதங்கள் இவை. ஆகவே வழிநடைக்கு வேண்டிய ஓய்வை வேளாண்மையின் சுழற்சியே கொடுத்தது. ஆனால் அதே மாதங்களில்தான் மேற்கிலிருந்து வறண்டு வீசும் கச்சான் காற்று நிலத்தைச் சுட்டெரிக்கிறது. மழைக்காலத்தில் ஆறுகளைக் கடக்க முடியாது, கோடையில் வெயிலைக் கடக்க முடியாது என்ற இரண்டு இடர்களுக்குள் யாத்திரிகர் இரண்டாவதைத் தேர்ந்துகொண்டனர் எனலாம். விடியுமுன் எழுந்து நடப்பது, வெயில் ஏறியதும் மரநிழலிலோ கோயில் மண்டபத்திலோ தங்குவது, வெயில் தாழ மீண்டும் புறப்படுவது என்ற ஒழுங்கு இதனால் உண்டானது. அந்த ஒழுங்கை மீறி உச்சிவெயிலில் நடப்பவரை மூத்த யாத்திரிகர் பக்திமானென்று மெச்சுவதில்லை.

குழுவின் அமைப்பும் கவனிக்கத்தக்கது. முருகனின் வேலைத் தாங்கி முன்னே நடப்பவர் வேல்சாமி. பின்வருவோர் அனைவரும், ஆணாயினும் பெண்ணாயினும், வயது சாதி பாராது ஒருவரையொருவர் சாமி என்றே விளிப்பர். அந்த விளி ஊருக்குத் திரும்பும்வரைதான் செல்லுபடியாகும் என்பதையும் மறைப்பதற்கில்லை. வழியிலுள்ள ஊர்கள் தாகசாந்தி நிலையங்களை அமைக்கும். தாகசாந்தி என்பது வழிச்செல்வோருக்கு இலவசமாகப் பானம் வழங்கும் தற்காலிகப் பந்தல். தமிழ்நாட்டில் இதனைத் தண்ணீர்ப்பந்தல் என்பர். நான்கு கம்பு நட்டுக் கிடுகு வேய்ந்த கொட்டிலொன்றில், தேசிக்காய் பிழிந்து சர்க்கரையும் சிறிது உப்பும் கரைத்த தண்ணீரைப் பெரிய பாத்திரத்தில் வைத்துக்கொண்டு, ஊர்ப் பிள்ளைகள் வீதியோரம் நின்று வருவோர் போவோரை மறித்துக் குடிக்கச் சொல்வார்கள். குடிக்க மறுத்தால் அவர்களுக்கு வருத்தமாகிவிடும் என்பதற்காகவே தாகமில்லாதவர்களும் ஒரு வாய் குடித்துச் செல்வதுண்டு. இன்றைய நகர மரதன்களில் சில கிலோமீற்றருக்கு ஒன்றாக வைக்கப்படும் நீர்நிலைகளில் கிடைக்கும் உப்புச்சத்துப் பானத்துக்கும் இந்தத் தேசிக்காய்த் தண்ணீருக்கும் சேர்மானத்தில் பெரிய வேறுபாடில்லை. வேறுபாடு வழங்குவோரின் நோக்கத்தில் உள்ளது. மரதனில் தொண்டர் ஓடுபவருக்கு உதவுகிறார். யாத்திரையில் கொடுப்பவரும் புண்ணியத்தில் பங்கு கொள்கிறார். நடக்க இயலாதவர் நடப்பவரின் பயணத்தில் சேர்ந்துகொள்ளும் வழி அதுவே.

பெருந்திரள் நடமாட்டத்தை அரசு எண்ணவும் அளக்கவும் தொடங்கியது ஆங்கிலேயர் காலத்தில். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாந்திபேதி நோய் யாத்திரிகர் வழியே பரவும் என்ற அச்சம் குடியேற்ற நிர்வாகத்தைப் பிடித்தது. அந்த அச்சத்துக்குக் காரணம் இருந்தது. குடிநீர் குறைந்த காட்டிடத்தில் பல்லாயிரம் பேர் ஒருங்கே தங்கினால் நோய் பரவுவது இயல்பே. யாத்திரிகர் தொகைக்கு வரம்பு விதிக்கப்பட்டது. அனுமதிச்சீட்டு பெற்றே செல்ல வேண்டும் என்ற விதியும் வந்தது. திருவிழாவை மேற்பார்வை செய்வது அம்பாந்தோட்டை உதவி அரசாங்க அதிபரின் கடமைகளுள் ஒன்றாயிற்று. 1908 முதல் 1911 வரை அப்பதவியிலிருந்தவர் பிற்காலத்தில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனாட் வூல்ப். அவர் கதிர்காமத் திருவிழாவில் கண்டவற்றின் சாயலை 1913இல் வெளியான அவருடைய புதினத்தில் வரும் யாத்திரையில் காணலாம்.

குடியேற்றக் காலத்து இலங்கையில் நெடுந்தூரம் ஓடியவர்களும் இருந்தனர். அவர்கள் தபால் ஓட்டக்காரர்கள். தபால் பையைச் சுமந்து ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையம்வரை ஓடி அடுத்தவரிடம் ஒப்படைப்பது அவர்களுடைய தொழில். வண்டிப்பாதையும் புகையிரதமும் வந்ததும் அத்தொழில் மறைந்தது. கூலிக்கு ஓடியவர்கள் ஓட்டத்தை விட்டனர். வேண்டுதலுக்கு நடந்தவர்களோ வண்டி வந்த பின்னும் நடையை விடவில்லை. இக்கட்டுரையின் மையப்பொருள் இவ்வேறுபாட்டில்தான் அடங்கியுள்ளது.

பாதயாத்திரை தொன்றுதொட்டு மாறாமல் வரும் வழக்கம் என்று சொல்வது பக்தியின் மொழி. வரலாற்றுக்கு அது போதாது. 1924இல் மட்டக்களப்பு வாவியின் மேல் கல்லடிப் பாலம் அமைந்தது. 1928இல் புகையிரதம் மட்டக்களப்பை எட்டியது. நாடு விடுதலை பெற்றதை அடுத்து வந்த ஆண்டுகளில் பேருந்து கதிர்காமக் கோயில்வரை சென்றது. அதற்கு முன் நடந்தவர்கள் வேறு வழியில்லாததால் நடந்தனர். செல்வர் சிலர் மாட்டுவண்டி கட்டிச் சென்றனர். நடப்பது அன்று விரதமன்று, போக்குவரத்து. பேருந்தில் ஏறினால் ஒரு நாளில் சென்றுவிடலாம் என்ற நிலை வந்த பின்னரே நடப்பது ஒருவர் தாமாக மேற்கொள்ளும் தெரிவாயிற்று. பெரும்பாலோர் பேருந்தில் ஏறினர். எஞ்சியவர் நடையை இறுகப் பற்றினர். அவர்களால்தான் கால்நடைக்கென்று தனிப் பெருமையும் கட்டுப்பாடும் தோன்றின. இந்தப் பொருளில் இன்றைய பாதயாத்திரை, வழியால் பழையதாயினும், நோக்கத்தால் 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதிக்குரியது. நகர மரதனுக்கு அது மூத்ததன்று, சமகாலத்தது.

மரதனின் கதையும் இதையே உறுதிசெய்கிறது. பிரெஞ்சு அறிஞர் மிஷேல் பிரெயாலின் யோசனைப்படி 1896 ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்ட மரதனில், ஸ்பிரிடோன் லூயி என்ற கிரேக்கர் ஏறத்தாழ 40 கிலோமீற்றரை ஓடி வென்றார். மறு ஆண்டு பொஸ்டன் நகரம் தன் மரதனைத் தொடங்கியது. 42.195 கிலோமீற்றர் என்ற விசித்திரமான அளவு 1908 இலண்டன் ஒலிம்பிக்கில் பயன்பட்டு 1921இல் விதியாக்கப்பட்டது. இவ்வளவு காலமும் மரதன் சில நூறு ஆடவரின் கடும்போட்டியாகவே இருந்தது. 1967இல் பொஸ்டனில் பதிவெண் பெற்று ஓடிய கத்ரின் ஸ்விற்சர் என்ற பெண்ணை அமைப்பாளர் ஒருவர் ஓட்டத்தின் நடுவே பிடித்து வெளியேற்ற முயன்றார். பெண்கள் அங்கு முறைப்படி அனுமதிக்கப்பட்டது 1972இல். பெண்களுக்கான ஒலிம்பிக் மரதன் 1984இல்தான் வந்தது. பாட்டியும் பேத்தியும் சேர்ந்து கதிர்காமத்துக்கு நடந்த நாட்டில், 42 கிலோமீற்றரைப் பெண்ணுடல் தாங்காது என்று மேலைநாட்டு மருத்துவரும் விளையாட்டு அலுவலரும் வாதிட்டதை வேடிக்கையாகவே படிக்க முடியும்.

1970இல் நியூயோர்க் மரதன் ஒரு பூங்காவைச் சுற்றியே ஓடப்பட்டது; தொடங்கியவர் 127 பேர், முடித்தவர் 55 பேர். 1976இல் அது நகரின் ஐந்து பிரிவுகளின் தெருக்களுக்கும் விரிந்தபோதே நகர மரதன் என்ற புதிய வடிவம் பிறந்தது: ஒரு நாள் காலையில் வாகனங்களை நிறுத்தி, வீதியைக் கால்களுக்குக் கொடுப்பது. அதைப் பார்த்து வந்த முன்னாள் ஓட்ட வீரர் கிறிஸ் பிரஷர் தம் நண்பர் ஜோன் டிஸ்லியுடன் சேர்ந்து 1981 மார்ச் 29ஆம் திகதி இலண்டன் மரதனைத் தொடக்கினார். ஏறத்தாழ 7,000 பேர் ஓடினர். வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். 1973இல் தொடங்கிய ஹொனலூலு மரதனில் ஜப்பானிலிருந்து விமானமேறி வந்தோரே ஓடுவோரில் பெரும்பகுதியாக இருந்த ஆண்டுகள் உண்டு. ஓடுவதற்கென்றே ஊர்விட்டு ஊர் செல்லும் பயணம் அங்கே ஒரு சுற்றுலாத் தொழிலாயிற்று. 2004 முதல் மும்பாயில் நடக்கும் மரதன் தென்னாசியாவுக்கு அவ்வழக்கத்தைக் கொண்டுவந்தது. கொழும்பும் தனக்கென ஒரு மரதனைக் கொண்டுள்ளது. கார் நிறைந்த நகரங்களிலேயே இவ்வோட்டம் தழைத்தது தற்செயலன்று. நடக்கவும் ஓடவும் தேவையற்றுப்போன இடத்தில்தான் அவை விருப்பத்துக்குரியவையாகின்றன.

வந்தாறுமூலைப் பக்கத்தில் மரதன் வேறு வழியாக வந்தது. மத்திய மகா வித்தியாலயம், இலவசக் கல்வியின் தந்தை எனப்படும் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் மத்திய பாடசாலைத் திட்டத்தின் வழிவந்தது. ஆங்கிலேயப் பாடசாலைகளின் இல்ல முறை, அதாவது மாணவரை நிறங்களால் அறியப்படும் பிரிவுகளாகப் பிரித்துப் போட்டியிடச் செய்யும் முறை, கிராமத்துப் பாடசாலைகளுக்கும் பரவியபோது, இல்ல மெய்வல்லுநர் போட்டிக்குச் சில நாள் முன் வீதியில் மரதன் ஓடுவதும் உடன்வந்தது. மட்டக்களப்பு நகரில் அமெரிக்க இயேசு சபைத் துறவிகள் விளையாட்டை வளர்த்ததற்கு வெபர் அடிகளாரின் பெயர் தாங்கிய மைதானம் சான்று. கிராமத்தில் பாடசாலைக்கு வெளியே மரதன் சித்திரைப் புத்தாண்டு விழாவில் இடம்பிடித்தது: வழுக்குமரம் ஏறல், கயிறிழுத்தல், முட்டி உடைத்தல் ஆகியவற்றுக்கு முன்பாக, அதிகாலையில் சில கிலோமீற்றர் ஓட்டம். தூரம் எதுவாயினும் வீதியில் ஓடினால் அது மரதன்தான். 1921ஆம் ஆண்டு விதியை விழாக்குழு எதுவும் பொருட்படுத்தியதில்லை. முழுத்தூரத்தையும் வந்தாறுமூலையிலிருந்து தெற்கே அளந்தால், மட்டக்களப்பையும் கல்லடிப் பாலத்தையும் கடந்து ஏறத்தாழ களுவாஞ்சிக்குடியில் போய் முடியும். வெறுங்காலில் நடக்கும் யாத்திரைக் குழு அத்தூரத்துக்கு இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொள்ளும்.

பாடசாலை மரதன் நடக்கும் மாசி, பங்குனி மாதங்களில் வெயில் ஏறத் தொடங்கிவிடும். 2024 மார்ச்சில் திருக்கோவிலில் பாடசாலை மரதனில் ஓடிய 16 வயது மாணவன் ஒருவன் உயிரிழந்தான். யாத்திரைக்காரர் பல தலைமுறையாகக் கடைப்பிடித்த விடியற்கால ஒழுங்கையும் நீர் வழங்கும் ஒழுங்கையும் வீதியோட்டத்துக்கும் கட்டாயமாக்குவதற்குப் புதிய ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை.

உள்நாட்டுப் போர் இவ்வழியை ஏறத்தாழ மூன்று தசாப்தங்களுக்குச் சிதைத்தது. 1983இன் பின் வடக்கிலிருந்து வரும் நீண்ட யாத்திரை அற்றுப்போயிற்று. 1988இல் பற்றிக் ஹரிகன் என்ற அமெரிக்கரும் அவரைச் சார்ந்த அடியார்களும் கிழக்கில் அதை மீண்டும் தொடங்கினர். ஆனால் 1990இல் வீதியே அச்சத்துக்குரியதாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டில், மட்டக்களப்புப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பயிற்றிய இயேசு சபைத் துறவி யூஜின் ஹேபெயர் அடிகளார் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் காணாமற்போனார். செப்டெம்பர் 5ஆம் திகதி, வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் அடைக்கலம் புகுந்திருந்த ஆயிரக்கணக்கானோரிடையே இருந்து 158 பேர் படையினரால் கொண்டுசெல்லப்பட்டனர், அவர்கள் திரும்பவில்லை. யாத்திரிகரும் மாணவரும் நடந்த வீதி சோதனைச்சாவடிகளின் வீதியான காலம் அது. அக்காலத்தில் விருப்பத்துக்காக நடப்பது, ஓடுவது என்ற பேச்சுக்கே இடமிருக்கவில்லை.

போர் முடிந்த பின் செல்வச்சந்நிதியிலிருந்து வேல் மீண்டும் புறப்பட்டது. இதற்கிடையில் வழியே மாறியிருந்தது. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் பயணிகளையும் வாகனங்களையும் ஏற்றி ஆறு கடத்திய மிதவைகளை இவ்வூரார் பாதை என்பர். 2009இல் கிண்ணியாப் பாலமும் அதனையடுத்து ஏனைய பாலங்களும் திறக்கப்பட்டதும் அப்பாதைகள் ஓய்ந்தன. துறையில் காத்திருந்து இளைப்பாறிய நேரம் யாத்திரைக் கணக்கிலிருந்து நீங்கியது; அகன்ற தார்வீதியில் விரையும் பேருந்துகளின் அருகே நடக்கும் இடர் புதிதாகச் சேர்ந்தது. சூடேறிய தாரில் வெறுங்காலோடு நடப்பது மணல்வழியில் நடப்பதைவிடக் கொடியது. ஆதலால் காலையில் புறப்படும் நேரம் இன்னும் முன்னே தள்ளப்பட்டுள்ளது. 2020இல் நோய்த்தொற்றின் காரணமாகக் காட்டுவழி யாத்திரிகருக்கு மூடப்பட்டது. பொஸ்டன் மரதன் தன் வரலாற்றில் முதன்முறையாகக் கைவிடப்பட்டதும் அவ்வாண்டிலேயே. வாந்திபேதிக் காலத்து அனுமதிச்சீட்டை அறிந்தவருக்கு இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

இன்று உகந்தையில் காட்டுவழி ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் மட்டும் திறக்கப்படுகிறது. வனசீவராசிகள் திணைக்களமும் படையினரும் வாசலில் யாத்திரிகரை எண்ணி அனுப்புகின்றனர். காட்டுக்குள் பிளாஸ்திக் கொண்டுசெல்வதற்குக் கட்டுப்பாடுகள் உள்ளன. உள்ளே நீர்த்தாங்கிகள் வைக்கப்படுகின்றன. ஆண்டுதோறும் பல்லாயிரம் பேர் அவ்வாசலைக் கடக்கின்றனர். அவர்களில் பெரும்பாலோர் உகந்தைவரை பேருந்தில் வந்து இறங்கி அங்கிருந்து நடப்பவர்கள். வந்தாறுமூலை, சித்தாண்டிப் பக்கத்திலிருந்து தம் வீட்டு வாசலிலேயே நடையைத் தொடங்குவோரின் தொகை அதனால் குறைந்துள்ளது. வடக்கிலிருந்து வரும் குழு ஏ15 வீதியால் ஊரைக் கடக்கும்போது, தாகசாந்திக் கொட்டிலில் நிற்பவர்களே நடப்பவர்களைவிட மிகுதியாக உள்ளனர்.